வானத்தில் போகிற விமானம் யாருடையது?

சாயங்கால நேரம். படிப்பு மையத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. அதன் பின்னால் வெள்ளைக் கோடு நீண்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

எங்கள் மையத்தில் வயதான அம்மா ஒருவர் படிக்கிறார். அவருடைய மகன் குவைத்தில் வேலை செய்கிறார். அந்த அம்மா கேட்டார்:

"தம்பி, பஸ்ஸுல பேரு எழுதியிருக்கு. இப்போ நானே படிச்சிடறேன். சர்க்கார் பஸ்ஸா, பிரைவேட் பஸ்ஸான்னு தெரிஞ்சுடுது. மேலே போறது யாரு வண்டி? எம்மவன் ஏறிப் போனானே, அது யாரு வண்டி?"

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த வெள்ளைக் கோடு. அது புகை அல்ல. விமானம் சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கே கடும் குளிர். எஞ்சினிலிருந்து வரும் நீராவி உடனே பனித்துகளாக உறைந்துவிடுகிறது. அதுதான் கோடு போலத் தெரிகிறது.

ஒரே ஒரு பயணி

விமானத்தில் ஆட்களை ஏற்றிக் காசு வாங்குவது எப்போது தொடங்கியது? 1914-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி. அமெரிக்காவில் புளோரிடா என்ற மாநிலம். அங்கே ஒரு வளைகுடா. அதன் இந்தக் கரையில் ஓர் ஊர், அந்தக் கரையில் ஓர் ஊர். சுற்றிக்கொண்டு போனால் பல மணி நேரம் ஆகும். படகு போன்ற ஒரு விமானத்தைத் தண்ணீரிலிருந்தே கிளப்பினார்கள். 23 நிமிடத்தில் அக்கரை சேர்ந்தது.

அதில் விமானி ஒருவர், பயணி ஒருவர். அவ்வளவுதான் இடம். முதல் டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். 400 டாலருக்குப் போனது. பிறகு 5 டாலர் கட்டணம் வைத்தார்கள். அந்தக் கம்பெனி சில மாதங்களே நடந்தது. பிறகு மூடிவிட்டார்கள். விமானக் கம்பெனி திறப்பதும் மூடுவதும் அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

1919-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டில் கே.எல்.எம். என்ற கம்பெனி தொடங்கியது. அதே பெயரில் இன்றும் அது நடக்கிறது. இவ்வளவு காலமாக ஒரே பெயரில் பறக்கும் கம்பெனி உலகத்தில் வேறு இல்லை.

மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்

நம் நாட்டுக் கதை 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கராச்சி வரைதான் விமானத்தில் வரும். அதன் பிறகு ரயில். ஜே.ஆர்.டி. டாட்டா என்பவர் சின்ன விமானம் ஒன்றில் தபால் மூட்டையை ஏற்றினார். ஒரே எஞ்சின் கொண்ட விமானம் அது. தானே ஓட்டிக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய் வந்தார். வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே அவருக்குப் பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? டின்களில் அடைத்து, மாட்டு வண்டியில் வந்தது.

பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி தபாலை வாங்கிக்கொண்டார். பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் கம்பெனியிடம் அப்போது இருந்தவை இரண்டே சின்ன விமானங்கள்.

அதுதான் பிறகு ஏர் இந்தியா ஆனது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி அதன் விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. அந்த விமானத்துக்கு 'மலபார் பிரின்ஸஸ்' என்று பெயர். நாடு சுதந்திரம் பெற்று ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

1953-ஆம் ஆண்டு மத்திய அரசு விமானக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. வெளிநாட்டுக்குப் போக ஏர் இந்தியா. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். எட்டு கம்பெனிகளின் உள்நாட்டு வேலையை ஒன்றாகச் சேர்த்துத்தான் இந்தியன் ஏர்லைன்ஸை உண்டாக்கினார்கள். அந்த எட்டில் ஒன்று ஒரிசாவின் கலிங்கா ஏர்லைன்ஸ். அதை நடத்தியவர் பிஜு பட்நாயக். அவரும் விமானி. பின்னாளில் ஒரிசாவின் முதலமைச்சராக இருந்தார்.

அன்றிலிருந்து சுமார் 40 ஆண்டுகள் "இது யாரு வண்டி?" என்ற கேள்விக்குப் பதில் சுலபம். நம் நாட்டு விமானம் என்றால் அது சர்க்கார் வண்டி.

குவைத்திலிருந்து வந்தவர்கள்

அந்த அம்மாவின் மகன் இருக்கும் குவைத்துக்கும் நம் விமானங்களுக்கும் ஒரு பெரிய கதை உண்டு.

1990-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் நாட்டுப் படை குவைத்துக்குள் புகுந்தது. அப்போது அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். வேலை போனது. வங்கியில் போட்ட பணம் முடங்கியது. விமான நிலையமும் மூடிவிட்டது. எப்படி ஊர் திரும்புவது?

பஸ்களில் ஏறினார்கள். ஈராக் வழியாகப் பாலைவனத்தைக் கடந்தார்கள். ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரத்துக்கு வந்தார்கள். கூடாரங்களில் காத்துக் கிடந்தார்கள். அங்கே ஏர் இந்தியா விமானங்கள் வந்தன. 59 நாட்களில் 488 முறை பறந்தன. 1,11,000 பேருக்கும் மேல் அழைத்து வந்தன. பயணிகள் விமானக் கம்பெனி ஒன்று இத்தனை பேரை இப்படி அழைத்து வந்தது உலக சாதனை ஆனது.

இரவும் பகலும் ஓட்டுவதற்கு விமானங்கள் கையில் இருந்தன. விமானிகளும் பணிப்பெண்களும் சலிக்காமல் போய் வந்தார்கள். "நட்டத்தில் ஓடுகிற கம்பெனி" என்று ஏர் இந்தியாவைப் பலர் குறை சொல்வார்கள். குறை சொல்லக் காரணமும் இருந்தது. ஆனால் அம்மானில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்த விமானத்தின் வாலில் இருந்த பெயரைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்!

சின்னது, நடுத்தரம், பெரியது

பஸ்ஸில் மினி பஸ், டவுன் பஸ், விரைவுப் பஸ் என்று இருக்கிறது அல்லவா? விமானத்திலும் அப்படித்தான்.

சின்ன ஊர்களுக்கு ஏ.டி.ஆர். என்ற விமானம் போகிறது. பக்கத்தில் விசிறி சுற்றும். சுமார் 70 முதல் 78 பேர் உட்காரலாம். நீளம் குறைந்த ஓடுபாதையே இதற்குப் போதும்.

அடுத்தது நடுத்தரம். நடுவில் ஒரே நடைபாதை. அதன் இரண்டு பக்கமும் மூன்று மூன்று இருக்கைகள். சுமார் 180 பேர் உட்காரலாம். ஏர்பஸ் ஏ-320, போயிங் 737 என்ற இரண்டும் இந்த வகை. உலகத்தில் அதிகம் ஓடுவது இந்த இரண்டு குடும்பங்கள்தான். ஏர்பஸ் கம்பெனியின் தலைமை இடம் பிரான்ஸ் நாட்டில் உள்ளது. போயிங் அமெரிக்கக் கம்பெனி. பெரிய பயணிகள் விமானம் வாங்க வேண்டுமானால் பெரும்பாலும் இந்த இருவரில் ஒருவரிடம்தான் போக வேண்டும்.

மூன்றாவது வகை பெரியது. உள்ளே இரண்டு நடைபாதைகள். 250, 300, 400 பேர் வரை போகலாம். கடல் தாண்டிப் பல மணி நேரம் பறக்கும்.

விலை என்ன? 2018-ஆம் ஆண்டு ஏர்பஸ் கம்பெனி போட்ட விலைப் பட்டியலில் ஓர் ஏ-320 விமானம் சுமார் 10 கோடி டாலர். அன்றைய நம் பணத்தில் 600 கோடி ரூபாய்க்கும் மேல். நூறு, இருநூறு என்று மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டு. எவ்வளவு தள்ளுபடி என்பதை இருவரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

எரிபொருளும் வேண்டும். அது சுத்தம் செய்த ஒரு வகை மண்ணெண்ணெய்தான். 180 பேர் போகும் விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3,000 லிட்டர் குடிக்கும். இந்தியாவில் விமானக் கம்பெனிகளின் செலவில் பெரிய பங்கு இந்த எண்ணெய்க்கே போகிறது. இருக்கை காலியாகப் போனாலும் எண்ணெய்ச் செலவு பெரிதாகக் குறையாது. அதனால்தான் கடைசி நேரம் வரை டிக்கெட் விலையை ஏற்றியும் இறக்கியும் விற்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த கட்டணமும் நீங்கள் கொடுத்ததும் ஒன்றாக இருக்காது.

ஒரே வகையா, பல வகையா?

ஒருவர் ஐந்து பஸ் வைத்திருக்கிறார். ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அவருக்கு என்ன லாபம்? ஒரே வகை டயர் வாங்கி வைத்தால் போதும். ஒரே மெக்கானிக் எல்லாவற்றையும் பார்ப்பார். எந்த டிரைவரும் எந்த வண்டியையும் எடுப்பார். ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் ஐந்து மடங்கு தலைவலி.

விமானத்தில் இது இன்னும் முக்கியம். ஏன்? ஒரு வகை விமானம் ஓட்டக் கற்றவர் வேறு வகையை உடனே ஓட்ட முடியாது. தனிப் பயிற்சி வேண்டும். தனி அனுமதி வேண்டும்.

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் என்ற கம்பெனி இதை நன்றாகப் புரிந்துகொண்டது. 1971-ஆம் ஆண்டு மூன்றே விமானங்களுடன் தொடங்கியது. மூன்றும் போயிங் 737. பிறகு நான்காவது வந்தது. 1972-ஆம் ஆண்டு பணக் கஷ்டம். நான்கில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. ஆனால் நான்கு விமானம் ஓடும் நேர அட்டவணையைக் குறைக்கவில்லை. மூன்றை வைத்தே ஓட்டினார்கள். எப்படி? விமானம் வந்து நின்றால் பத்தே நிமிடம். அதற்குள் ஆட்களை இறக்கி, சுத்தம் செய்து, அடுத்தவர்களை ஏற்றிக் கிளப்பினார்கள். தரையில் நிற்கிற விமானம் காசு கொடுக்காது என்பது அவர்கள் கணக்கு. இன்று அந்தக் கம்பெனியிடம் சுமார் 800 விமானங்கள். எல்லாமே போயிங் 737 குடும்பம்.

நம் நாட்டில் இண்டிகோ கம்பெனி இதே வழியில் போனது. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரே விமானத்துடன் தொடங்கியது. டெல்லியிலிருந்து கௌஹாத்தி வழியாக இம்பால் போனது முதல் பயணம். 2025-ஆம் ஆண்டு அதனிடம் 400-க்கும் மேல் இருந்தன. மிகப் பெரும்பாலானவை ஏ-320 குடும்பம். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இன்னும் 500 விமானங்களுக்கு ஒரே நாளில் ஆர்டர் கொடுத்தது.

இதில் ஆபத்தும் உண்டு. வயல் முழுக்க ஒரே விதை போட்டால் என்ன ஆகும்? ஒரு நோய் வந்தால் முழு வயலும் போய்விடும். விமானத்திலும் இது நடந்திருக்கிறது.

1990-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ-320 விமானம் ஒன்று விழுந்தது. 92 பேர் இறந்தார்கள். அரசு மற்ற ஏ-320 விமானங்களைப் பறக்க விடவில்லை. மாதக் கணக்கில் அவை தரையில் நின்றன.

போயிங் 737 மேக்ஸ் என்ற புது வகை வந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் ஒன்று விழுந்தது. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொன்று. மொத்தம் 346 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கை அளக்கும் கருவி தவறான அளவு காட்டியது. அதை நம்பி, உள்ளே இருந்த கம்ப்யூட்டர் மூக்கைக் கீழே கீழே அழுத்தியது. விமானிகள் போராடியும் முடியவில்லை. அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதையே பல விமானிகளுக்கு முதலில் சொல்லவில்லை. இது பெரிய குற்றம் என்பது என் எண்ணம். உலகம் முழுவதும் அந்த வகை விமானங்களை நிறுத்தினார்கள். இந்தியாவில் 2021 ஆகஸ்டில்தான் மீண்டும் அனுமதி கொடுத்தார்கள்.

விமானம் மட்டும் இருந்தாலும் போதாது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்று அரசு விதி போட்டது. களைத்துப்போன ஆள் விமானம் ஓட்டக் கூடாது அல்லவா? அதற்குத் தக்கபடி ஆட்களைத் தயார் செய்யாததால் 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் இண்டிகோ திணறியது. சில நாட்களில் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்குப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள், எல்லோரும் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பறப்பதில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியின் கையில் இருந்ததால் மாற்று விமானமும் கிடைக்கவில்லை.

மாடி வைத்த விமானங்கள்

மிகப் பெரிய விமானம் எது? முன்பு போயிங் 747. முன்பக்கம் திமில் போல மேடாக இருக்கும். மேலே ஒரு சின்ன மாடி. ஏர் இந்தியா 1971-ஆம் ஆண்டு இதை வாங்கியது. முதல் விமானத்துக்கு 'எம்பரர் அசோகா' என்று பெயர் வைத்தார்கள். ஜன்னல்களைச் சுற்றி அரண்மனைச் சாளரம் போல வளைவு வரைந்தார்கள். அழகாக இருக்கும்.

பிறகு அதைவிடப் பெரியது வந்தது. ஏர்பஸ் ஏ-380. முழு நீளத்துக்கும் இரண்டு மாடி. நான்கு எஞ்சின். 500 பேர் சாதாரணமாகப் போகலாம். துபாயின் எமிரேட்ஸ் கம்பெனி இதை நூற்றுக்கும் மேல் வாங்கியது.

ஆனால் இந்த இரண்டையும் இப்போது செய்வதில்லை. ஏ-380 2021-ஆம் ஆண்டோடு நின்றது. 747 2023-ஆம் ஆண்டோடு நின்றது. காரணம் எண்ணெய்தான். நான்கு எஞ்சின் அதிகம் குடிக்கும். இப்போது வரும் எஞ்சின்கள் நம்பகமானவை. இரண்டை வைத்தே பெருங்கடலைத் தாண்டிவிடலாம். மேலும் 500 இருக்கையைத் தினமும் நிரப்புவது எளிதல்ல. ஏர் இந்தியாவின் பழைய 747 விமானம் ஒன்று 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து கடைசியாகக் கிளம்பியது. விமானி இறக்கையைச் சாய்த்து ஆட்டி விடை சொன்னார்.

சொந்த வண்டியா, வாடகை வண்டியா?

இன்னொரு ரகசியம். விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பெயர் எப்போதும் சொந்தக்காரர் பெயர் அல்ல. பல கம்பெனிகள் விமானத்தை வாடகைக்குத்தான் எடுக்கின்றன. வாடகைக்கு விடுவதற்கென்றே பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அயர்லாந்து என்ற சின்ன நாட்டில் அவை அதிகம். இன்று பெரிய கம்பெனியான எமிரேட்ஸும் 1985-ஆம் ஆண்டு பாகிஸ்தான் கம்பெனியிடம் வாடகைக்கு வாங்கிய இரண்டு விமானங்களோடுதான் தொடங்கியது.

வாடகை பெரும்பாலும் டாலரில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சொந்தக்காரர் விமானத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார். இந்தியாவில் தனியாருக்கு மீண்டும் வழி திறந்த பிறகு இது பல முறை நடந்தது. கிங்ஃபிஷர் 2012-ஆம் ஆண்டு நின்றது. ஜெட் ஏர்வேஸிடம் நூற்றுக்கும் மேல் விமானங்கள் இருந்தன. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசி விமானம் அமிர்தசரசிலிருந்து மும்பை வந்தது. அதோடு சரி. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளப் பாக்கி. 2024-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்க உத்தரவிட்டது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. எஞ்சின்கள் பழுதாகிப் பாதி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்று அது காரணம் சொன்னது. இங்கும் எல்லாம் ஒரே வகை விமானம்தான்.

ஏர் இந்தியாவும் சர்க்கார் கையில் இல்லை. 2022 ஜனவரி 27-ஆம் தேதி டாட்டாவிடமே திரும்பிப் போனது. இந்தியன் ஏர்லைன்ஸ் அதற்கு முன்பே, 2007-ஆம் ஆண்டில், ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது.

விழுந்துவிடாதா?

எங்கள் அம்மா இதையும் கேட்டார். 2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். கீழே இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். அந்தப் படத்தை அவர் டி.வி.யில் பார்த்திருந்தார்.

பயம் நியாயமானதுதான். இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரம் பேர். விமானத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் சுற்றிவந்து பார்க்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இருக்கைகளையெல்லாம் கழற்றி, விரிசல் இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று வாரக் கணக்கில் சோதிக்கிறார்கள். நம் பஸ்களுக்கு இதில் பாதி சோதனை நடந்தாலும் எவ்வளவோ உயிர் பிழைக்கும்.

பெயரையும் எண்ணையும் படிப்பது

சரி, அது யாரு வண்டி என்று நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

உடம்பில் பெரிதாகக் கம்பெனி பெயர் இருக்கும். வாலில் அதன் அடையாளம் இருக்கும். பின்பக்கம் சின்னதாகச் சில எழுத்துகள் இருக்கும். அது பஸ்ஸின் நம்பர் பிளேட் மாதிரி. முதல் எழுத்து நாட்டைச் சொல்லும். இந்திய விமானம் என்றால் ஆங்கிலத்தில் 'வி', 'டி' என்று தொடங்கும். அமெரிக்க விமானம் என்றால் 'என்'. இங்கிலாந்து என்றால் 'ஜி'.

டிக்கெட்டில் விமானத்தின் எண் இருக்கும். அதற்கு முன்னால் கம்பெனியின் குறி. 'ஏ', 'ஐ' என்றால் ஏர் இந்தியா. '6', 'ஈ' என்றால் இண்டிகோ. ஏஜெண்டு சொன்ன கம்பெனியும் டிக்கெட்டில் உள்ள குறியும் ஒன்றா என்று பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கம்பெனி தானாகப் பயணத்தை ரத்து செய்தால் மாற்று விமானம் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இது நம் நாட்டு விதி. கேட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் மகன் விட்டுப் போயிருந்த பழைய டிக்கெட்டை எடுத்து வந்தார். ஆங்கில எழுத்து அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. விரலை வைத்துக் கூட்டிப் படித்தார். 'ஏ', 'ஐ' வந்தது. எண் வந்தது. நேரமும் வந்தது.

"இந்த நேரத்துக்குப் போனா ஏத்திக்குவாங்களா?" என்று கேட்டார்.

இல்லை. டிக்கெட்டில் அச்சாகி இருப்பது விமானம் நகரும் நேரம். அதற்கு 20, 25 நிமிடம் முன்பே ஏறும் வாசலை மூடிவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.